ரயில்வேயில் நடத்தை விதி, சார்ஜ் ஷீட், யூனியன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருடத்துக்கு மேல் ஓடி ஓய்வு பெற்றவன் நான். கடைசி பத்து வருடம் கிளைச் சங்கப் பொறுப்பில் இருந்தேன். கூடவே, விசாரணைக்குப் போகிற சக ஊழியர்களுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்காரும் வேலையும் பார்த்தேன். இன்றைக்கும் வாரத்துக்கு இரண்டு மூன்று போன் வருகிறது. ஆள் மாறுகிறது, கேள்வி அநேகமாக அதேதான். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் ரயில்வேக்காரர் வீட்டில் இருப்பவர்களுக்கும் பயன்படும்.

ரயில்வே ஊழியருக்கென்று தனி விதி உண்டா?

இரண்டு உண்டு. ஒன்று, 1966ஆம் வருட ரயில்வே பணி நடத்தை விதிகள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்வது அது. இன்னொன்று, 1968ஆம் வருட ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள். செய்யக் கூடாததைச் செய்துவிட்டால் நிர்வாகம் உங்களை எப்படி விசாரிக்கும், என்ன தண்டனை தரலாம், நீங்கள் எங்கே முறையிடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆபீஸில் டிஏஆர் என்று சொன்னால் இந்த இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள்.

முதல் விதித்தொகுப்பில் 3ஆம் விதியை மனப்பாடமே செய்துகொள்ளலாம். நேர்மை, கடமையில் ஈடுபாடு, ரயில்வே ஊழியருக்குத் தகாத எதையும் செய்யாமை. இந்த மூன்றுதான். நான் பார்த்த சார்ஜ் ஷீட்டில் முக்கால்வாசி "3(1)(i), (ii), (iii) விதிகளை மீறினார்" என்றுதான் முடிந்தன. தாமதமாக வந்தவருக்கும் அதுதான், லஞ்சம் வாங்கியதாகச் சொல்லப்பட்டவருக்கும் அதுதான். அவ்வளவு அகலமான வலை அது.

சட்டைப்பையில் சொந்தப் பணம் வைத்திருந்தால் குற்றமா?

டிக்கெட் பரிசோதகர், புக்கிங் கிளார்க் மாதிரி பணம் கையாளும் வேலையில் இருப்பவர்கள் டியூட்டி தொடங்கும்போது கையில் எவ்வளவு சொந்தப் பணம் இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். விஜிலென்ஸ் (ரயில்வேயின் ஊழல் கண்காணிப்புப் பிரிவு) வந்து எண்ணும்போது, அரசுப் பணமும் எழுதிவைத்த சொந்தப் பணமும் சேர்ந்து கணக்கு சரியாக வர வேண்டும். அதிகம் இருந்தாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு.

எங்கள் டிப்போவில் ஒருவர் கோட்டின் உள்பையில் நான்காக மடித்த ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு கிடைத்தது. மாமியாருக்கு மருந்து வாங்கிவரச் சொல்லி மனைவி காலையில் திணித்தது. மருந்துச் சீட்டும் அதோடுதான் இருந்தது. அவர் மறந்தே போனார். மருந்துச் சீட்டைக் காட்டி, மனைவியைச் சாட்சி சொல்லவைத்து அதிலிருந்து வெளியே வர ஒன்றரை வருடம் ஆயிற்று. டியூட்டிக்குக் கிளம்பும் முன் எல்லாப் பையையும் தடவிப் பாருங்கள் என்று நான் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மனைவி பெயரில் எல்ஐசி ஏஜென்சி எடுக்கலாமா? சீருடையைக் கழற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாமா?

அனுமதி இல்லாமல் நீங்கள் வேறு தொழிலோ வேலையோ செய்யக் கூடாது. மனைவியோ வீட்டில் வேறு யாராவதோ தொழில் செய்தால் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவி ஏஜென்சி நடத்துவது வேறு, அதற்காக நீங்கள் ரன்னிங் ரூமில் (வெளியூரில் ஓட்டுநர், கார்டு தங்கும் ஓய்வறை) உட்கார்ந்து பாலிசி பிடிப்பது வேறு. இரண்டாவது நேரடி விதிமீறல்.

வட்டிக்கு விடுவதும் அப்படித்தான். சம்பள நாளில் ரயில்வே காலனி வாசலில் யார் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் சிலர் ரயில்வேக்காரர்கள் என்பதும் தெரியும். 16ஆம் விதி அதைத் தடுக்கிறது. 17ஆம் விதி, தீராக் கடனில் விழாமல் இருக்கச் சொல்கிறது. கொடுப்பவன், வாங்குபவன் இரண்டு பேரையும் பிடிக்க விதி இருக்கிறது.

முதல் நாள் ராத்திரி கொஞ்சம் குடித்தேன். காலையில் டியூட்டி. பரவாயில்லையா?

ரயில் ஓட்டுபவர், கார்டு (2022இல் இருந்து இவருக்கு ட்ரெய்ன் மேனேஜர் என்று பெயர்), ரயிலை அனுப்பும் வேலையில் இருப்பவர் ஆகியோர் டியூட்டி தொடங்குவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் மதுவைத் தொட்டிருக்கக் கூடாது என்று 22ஆம் விதி சொல்கிறது. எட்டு மணி நேரம் கழிந்துவிட்டது என்பதால் மட்டும் தப்பித்துவிட முடியாது. லாபியில் (டியூட்டிக்கு வருவதைப் பதியும் இடம்) சைன் ஆன் செய்யும்போது ஊதச் சொல்வார்கள். கருவி காட்டினால் காட்டியதுதான். டியூட்டியில் போதையில் இருப்பது ரயில்வே சட்டத்தின் 172ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. பயணிகளுக்கு ஆபத்து வரக்கூடிய நிலை என்றால் ஒரு வருடம் வரை சிறை.

கருவியை நம்பி நிர்வாகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் கோட்டத்தில் ஒரு உத்தரவு வந்தது. லோகோ பைலட்டுகள் டியூட்டிக்கு வரும்போது இளநீர், சில பழங்கள், குளிர்பானம், இருமல் மருந்து, ஹோமியோபதி மருந்து எதுவும் எடுக்கக் கூடாதாம், கருவி மது என்று காட்டுகிறதாம். இளநீர் குடித்ததற்கு விளக்கம் கொடுக்க வேண்டிய நிலைமை. ஓட்டுநர்கள் கொந்தளித்தார்கள், ஊரே சிரித்தது, உத்தரவும் வாபஸ் ஆனது. ஆனால் உங்களைக் கருவி தவறாகக் காட்டினால் உடனே ரத்தப் பரிசோதனை கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மறுநாள் கேட்டுப் பயனில்லை.

ஃபேஸ்புக்கில் எழுதலாமா? இன்ஜினில் இருந்து ரீல்ஸ் போடலாமா?

ரீல்ஸ் வேண்டவே வேண்டாம். ஓடும் இன்ஜினில் செல்போன் அணைத்து வைத்திருக்க வேண்டும். அதை மீறினீர்கள் என்பதற்கான சாட்சியத்தை நீங்களே ஊருக்குக் காட்டுகிறீர்கள்.

எழுதுவது வேறு விஷயம். அரசின் கொள்கையை விமர்சிக்கக் கூடாது என்று 9ஆம் விதி சொல்கிறது. சங்கப் பொறுப்பாளராக, பணி நிலைமையைப் பற்றி நல்லெண்ணத்தோடு பேசுவதற்கு அதில் விலக்கு இருக்கிறது. சாதாரண ஊழியர் தன் பெயரில் கோபமாக நாலு வரி எழுதி மாட்டிக்கொள்வார். அதே நாலு வரியைச் சங்கத்தின் நோட்டீஸில் கிளைச் செயலாளர் எழுதினால் ஒன்றும் ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டியவர்கள் ஏராளம்.

அரசியல் கட்சியில் உறுப்பினராவது, பிரச்சாரம் செய்வது, தேர்தலில் நிற்பது மூன்றும் கூடாது. ஓட்டுப் போடலாம். யாருக்குப் போட்டேன் என்று சொல்லித் திரிய வேண்டியதில்லை.

சார்ஜ் ஷீட் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

எந்தப் படிவம் என்று பாருங்கள். எஸ்எஃப் (ஸ்டாண்டர்ட் ஃபார்ம்) 11 என்றால் சிறு தண்டனைக்கானது. எஸ்எஃப் 5 என்றால் பெரிய தண்டனை வரை போகலாம், முறையான விசாரணை நடக்கும். இரண்டுக்கும் பதில் தரப் பத்து நாள். பத்து நாள் போதாது என்றால் அவகாசம் கேட்டு எழுதுங்கள். பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

வாங்க மறுப்பது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். வாங்காவிட்டால் சாட்சி வைத்து, சுவரில் ஒட்டி, நீங்கள் இல்லாமலே விசாரணையை முடித்துவிடுவார்கள். தேதி போட்டுக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே என்னென்ன இணைப்பு வந்திருக்கிறது, என்னென்ன வரவில்லை என்று அங்கேயே குறியுங்கள்.

பெரிய தவறு என்னவென்றால், பதற்றத்தில் அன்று ராத்திரியே உட்கார்ந்து "தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுப்பது. மேலதிகாரி நல்லவர், வாயால் சொல்லிவிட்டார், ஒன்றும் ஆகாது என்பார்கள். அவர் மாற்றலாகிப் போய்விடுவார். உங்கள் கடிதம் ஃபைலில் இருக்கும். முதல் பதிலில் குற்றச்சாட்டை மறுத்து, ஆதார ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதினால் போதும். உண்மையிலேயே தவறு செய்திருந்தால்? அது வேறு, அதை எப்படிச் சொல்வது என்று அனுபவம் உள்ள ஒருவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். ஒப்புக்கொள்வதிலும் ஒரு வகை உண்டு.

விசாரணைக்கு வக்கீல் வைத்துக்கொள்ளலாமா?

பொதுவாக முடியாது. இன்னொரு ரயில்வே ஊழியரையோ, ஓய்வு பெற்றவரையோ, அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் பொறுப்பாளரையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். டிஃபென்ஸ் ஹெல்பர் என்போம். யூனியனின் மதிப்பு எனக்குப் புரிந்தது மேடையில் இல்லை, இந்த நாற்காலியில்தான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆர்ஏசி பயணி உட்கார்ந்திருக்க, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவருக்குப் படுக்கை கொடுத்தார் என்று ஒரு பரிசோதகர் மேல் குற்றச்சாட்டு. எஸ்எஃப் 5. குற்றச்சாட்டில் படுக்கை எண் இருந்தது, பெட்டி எண் இருந்தது, பார்ப்பதற்குக் கச்சிதம். ஆனால் அன்றைய சார்ட் (யாருக்கு எந்தப் படுக்கை என்ற பயணிகள் பட்டியல்) இணைக்கப்படவில்லை. கேட்டோம். காணோம் என்றார்கள். மறுபடியும் எழுதிக் கேட்டோம். மூன்றாவது முறை வந்தது. பேனாவால் கோடு போட்டு, ஓரத்தில் பரிசோதகர் கைப்பட எழுதிய குறிப்புகளோடு பழுப்பேறிய சார்ட். அதில் அந்த ஆர்ஏசி பயணிக்கு அடுத்த நிலையத்திலேயே, அதே பெட்டியில், வேறு படுக்கை கொடுத்ததாக அவர் எழுத்திலேயே இருந்தது. விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். கடைசியில் எழுத்துமூலக் கண்டிப்போடு முடிந்தது. அதுகூட வந்திருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

விசாரணை அறிக்கையின் நகலை உங்களுக்குத் தந்து, உங்கள் கருத்தைக் கேட்ட பிறகுதான் தண்டனை தர வேண்டும். 1990இல் முகமது ரம்ஜான் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பதினைந்து நாள் கிடைக்கும். இதைப் பலர் வீணடிக்கிறார்கள்.

என்னென்ன தண்டனை?

சிறு தண்டனையில் கண்டிப்பு, பதவி உயர்வை நிறுத்துதல், நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்தல், இன்கிரிமென்ட் கட் எல்லாம் வரும். ரயில்வேக்கே உரிய ஒன்றும் உண்டு: பாஸ் கட். இலவசப் பாஸையும் சலுகை டிக்கெட்டையும் நிறுத்திவைப்பார்கள். அப்பா செய்த தவறுக்குப் பிள்ளைகள் ஊருக்குப் பஸ்ஸில் போகும்.

பெரிய தண்டனையில் பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, நீக்கம், பணி அறவு வரும். கடைசி இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை. நீக்கப்பட்டவர் வேறு அரசு வேலைக்குப் போகத் தடை இல்லை. பணி அறவு ஆனவருக்குப் பொதுவாக அந்தக் கதவும் மூடிவிடும். ரயில்கள் மோதக் காரணமானவருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் என்று விதியே சொல்கிறது. சிவப்பு சிக்னலைத் தாண்டினாலும் பெரிய தண்டனைதான்.

தண்டனை உத்தரவு கிடைத்த 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

சஸ்பெண்ட் ஆனால் சம்பளம்?

சம்பளம் கிடையாது, பிழைப்பூதியம் உண்டு. முதல் மூன்று மாதம் அரைச் சம்பள விடுப்பு அளவுக்கு வரும். அதற்குப் பிறகு தாமதம் உங்களால் இல்லை என்றால் கூட்டித் தரலாம். அவர்களாகக் கூட்டுவார்கள் என்று காத்திருக்காமல் எழுதிக் கேளுங்கள். சஸ்பென்ஷன் தண்டனை இல்லை என்று விதி சொல்கிறது. காலனியில் யாரும் அதை நம்புவதில்லை.

விஜிலென்ஸ் வலைவிரித்துப் பிடித்தால் தப்பவே முடியாதா?

எண் குறித்த நோட்டோடு ஒருவரைப் பயணி மாதிரி அனுப்புவார்கள். அதற்குச் சாட்சி வைப்பது உட்பட வழிமுறை இருக்கிறது. 2008இல் மோனி சங்கர் வழக்கில், அந்த வழிமுறை சட்டம் இல்லைதான், ஆனால் அதை அடியோடு ஒதுக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே யார் பார்த்தார்கள், எவ்வளவு தூரத்தில் நின்றார்கள், பேசியது காதில் விழுந்ததா என்று குறுக்கு விசாரணையில் கேட்க நிறைய இருக்கிறது. வாங்கியிருந்தால் இந்தப் பத்தி உங்களுக்கானது இல்லை.

யூனியனில் சேரத்தான் வேண்டுமா? எதில் சேர்வது?

கட்டாயம் இல்லை. தெற்கு ரயில்வேயில் எஸ்ஆர்எம்யு என்ற சங்கம் இருக்கிறது, அது ஏஐஆர்எஃப் என்ற அகில இந்திய ரயில்வே சம்மேளனத்தைச் சேர்ந்தது. இன்னொரு அகில இந்திய சம்மேளனமான என்எஃப்ஐஆர் பக்கம் எஸ்ஆர்இஎஸ் சங்கம். சிஐடியு பக்கம் டிஆர்இயு சங்கம். இவை போக லோகோ ஓட்டுநர்கள், நிலைய அதிகாரிகள், கார்டுகள் என்று பிரிவுவாரிச் சங்கங்கள். எதில் சேர்வது என்று நான் சொல்ல மாட்டேன். நான் இருந்த சங்கத்தைச் சொன்னால் மீதிப் பேர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் டிப்போவில் சார்ஜ் ஷீட் வாங்கியவர்களைக் கேளுங்கள், எந்தச் சங்கத்துக்காரர் விசாரணைக்கு ஒவ்வொரு தேதியும் வந்தார் என்று. அதுதான் என் அளவுகோல்.

அங்கீகாரம் என்றால் என்ன?

ரகசிய வாக்கெடுப்பில் மொத்த வாக்காளர்களில் 30 சதவீதமோ, பதிவான ஓட்டில் 35 சதவீதமோ பெற்ற சங்கத்தோடுதான் நிர்வாகம் அதிகாரபூர்வமாகப் பேசும். 2007, 2013, அப்புறம் பதினோரு வருடம் கழித்து 2024 டிசம்பரில் இந்தத் தேர்தல் நடந்தது. கடைசித் தேர்தலில் தெற்கு ரயில்வேயில் எஸ்ஆர்எம்யு, டிஆர்இயு இரண்டும் அங்கீகாரம் பெற்றன.

அங்கீகாரம் கிடைத்தால் பிஎன்எம்மில் உட்காரலாம். 1952 முதல் இருக்கும் நிரந்தரப் பேச்சுவார்த்தை ஏற்பாடு அது. கோட்டம், மண்டலம், ரயில்வே போர்டு என்று மூன்று படி. வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பூட்டும். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது, ரன்னிங் ரூமில் படுக்கை விரிப்பு மாற்றுவதில்லை, கேட் கீப்பருக்குக் குடிதண்ணீர் இல்லை. இப்படி அயிட்டம் அயிட்டமாக எழுதிப் போய், பதில் வாங்கி, அடுத்த கூட்டத்தில் அதையே மறுபடி எழுப்ப வேண்டும். சில அயிட்டங்கள் எனக்கு முன்னால் தொடங்கி நான் ஓய்வு பெற்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஸ்டிரைக் செய்ய உரிமை உண்டா?

அடிப்படை உரிமையாக இல்லை. 2003இல் தமிழ்நாடு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தை ஒட்டிய டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகவே சொன்னது. தொழிலாளர் சட்டத்தின் கீழ் முன்னறிவிப்பு கொடுத்துச் செய்யலாம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலும் அது ஸ்டிரைக்தான்.

எப்படி இருந்தாலும் நடுவழியில் ரயிலை விட்டு இறங்காதீர்கள். பொறுப்பை முறையாக ஒப்படைக்காமல் போனால் ரயில்வே சட்டத்தின் 173ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை.

1974ஐப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. அப்போது ஏஐஆர்எஃப் தலைவர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ். மே 8 தொடங்கி 20 நாள், சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள். ஓட்டுநர்களுக்கு எட்டு மணி நேர வேலை, போனஸ், சம்பளச் சமன் என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள், வேலை இழந்தார்கள், குடும்பங்களைக் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியே தள்ளினார்கள். கேட்டது எதுவும் அன்று கிடைக்கவில்லை. போனஸ் 1979-80இலிருந்து வந்தது. இப்போது தீபாவளி, ஆயுத பூஜைக்கு முன் 78 நாள் போனஸ் என்று செய்தி வருகிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது. 78 நாள் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் கடன் கேட்டு வருவார். மாதச் சம்பளம் 7,000 என்றுதான் கணக்கு, கைக்கு வருவது அதிகபட்சம் 17,951 ரூபாய் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

செப்டம்பர் 5 அன்று திருச்சி பொன்மலையில் எதற்குக் கூட்டம் போடுகிறார்கள்?

1946இல் அந்த நாளில் பொன்மலையில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே 1928 ஜூலையில், நாகப்பட்டினத்து ஒர்க்‌ஷாப்பைப் பொன்மலைக்கு மாற்றும்போது நடந்த ஆட்குறைப்பை எதிர்த்து தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் அதற்காகச் சிறைக்குப் போனார்.

லோகோ பைலட்டுகள் கேட்கும் 46 மணி நேரம் என்ன கணக்கு?

ஒரு நடை முடித்துத் தலைமையிடம் வந்ததும் 16 மணி நேர ஓய்வு. வார ஓய்வு 30 மணி நேரம். இரண்டும் தனித்தனி, கூட்டினால் 46 என்பது ஓட்டுநர்கள் வாதம். அந்த 16ம் 30க்குள் அடக்கம் என்பது நிர்வாகத்தின் வாதம். ரயில்வே சட்டத்தின் 133ஆம் பிரிவு ரன்னிங் ஊழியருக்கு (ரயிலோடு ஓடும் ஓட்டுநர், கார்டு போன்றவர்) மாதம் நான்கு முறை 30 மணி நேரமோ, ஐந்து முறை 22 மணி நேரமோ ஓய்வு தரச் சொல்கிறது. 2024 ஜூன் முதல் தெற்கு ரயில்வேயில் பலர் 46 மணி நேரம் தாங்களாகவே எடுத்து, சார்ஜ் ஷீட்டும் இடமாற்றமும் வாங்கினார்கள். ராத்திரி முழுக்க ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்த ஒருவரை லாபியில் காலை ஆறு மணிக்குப் பார்த்திருந்தால் நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கம்பளி தருபவர், பெட்டியைச் சுத்தம் செய்பவர், ஆர்பிஎஃப், மெட்ரோ ஊழியர்?

கம்பளி தருபவரும் சுத்தம் செய்பவரும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். இந்த விதிகளும் இல்லை, இந்தப் பாதுகாப்பும் இல்லை. போன் செய்து நாளையிலிருந்து வராதே என்றால் முடிந்தது. ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆயுதப் படை, அவர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. சென்னை மெட்ரோ தனி நிறுவனம், விதிகளும் தனி.

பெண் ஊழியர் பாலியல் தொல்லை பற்றிப் புகார் செய்தால்?

நடத்தை விதிகளில் 3சி இதற்கென்றே இருக்கிறது. 2013ஆம் வருடச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். அந்தக் குழுவின் அறிக்கையே ஒழுங்கு விசாரணை அறிக்கையாக எடுத்துக்கொள்ளப்படும். பெரிய மனிதரைப் பிடித்துச் சமாதானம் பேசலாம் என்று சங்கத்துக்காரர் யாராவது வந்தால், அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். என் சங்கத்துக்காரராக இருந்தாலும்.

மேல்முறையீடும் தோற்றுவிட்டது. நேராக ஹைகோர்ட்டா?

இல்லை, முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். சென்னையில் கிளை இருக்கிறது. கடைசி உத்தரவு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகப் பதிலே வரவில்லை என்றால் அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வருடம். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளலாம். போகும்போது சார்ஜ் ஷீட்டில் தொடங்கி, நீங்கள் கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் நகலையும், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு, தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். முத்திரை இல்லாத கடிதத்தை நீங்கள் கொடுக்கவே இல்லை என்பார்கள்.